பூட்ட மறந்தவரும் பூட்டியதை மறந்தவரும்

'எடுத்து' என்ற ஒரே ஒரு சொல்லுக்காக 'வைரக்குப்பாயம்' என்று பெயர் சூட்டி ஒரு மறுப்பு நூலையே எழுதியவர் 18-ஆம் நூற்றாண்டின் சிவஞான முனிவர். ஓர் எச்சத்துக்கு இத்தனை சினமா என்று கேட்பவர்கள் உண்டு. எச்சத்தில் அலட்சியமாக இருப்பவர், செய்தவனையும் செய்யாதவனையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுவார் என்பதே அவர்களுக்கு என் பதில். அப்படி நிறுத்திய ஒருவரைத்தான் இங்கே எதிர்கொள்கிறேன்.

மட்டாஞ்சேரியில் ஆங்கிலப் பயிற்சிக்கூடம் நடத்தும் அவர், கொச்சியின் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளப் பிள்ளைகளும் ஆங்கிலத்தில் ஏன் தடுக்கி விழுகிறார்கள் என்பதற்குக் காரணம் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம், நாகர்கோவிலிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் இதே வாதத்தை வைத்துப் பிழைப்பவர்கள் இருப்பதால், ஒருவர் பெயரைச் சொல்லி மற்றவர்களைத் தப்பவிட எனக்கு மனமில்லை. ஆங்கில வினைச்சொல்லுக்குப் பின்னால் 'டு' வருமா 'இங்' வருமா என்பதற்கு எந்த நியாயமும் கிடையாது, பட்டியலை மனப்பாடம் செய்வதே வழி என்பது அவருடைய முதல் கூற்று. பிள்ளைகளின் பிழைக்குத் தாய்மொழிதான் காரணம், அதை வகுப்பு வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது இரண்டாவது. இந்த விதிகளையெல்லாம் ஆங்கில இலக்கணப் பேராசான்கள் என்றைக்கோ முடிந்த முடிபாக எழுதிவைத்துவிட்டார்கள் என்பது மூன்றாவது. மட்டாஞ்சேரித் தெருவில் புழங்கும் ஆங்கிலம் ஒரு தொற்றுநோய் என்பது நான்காவது. நான்கும் பிழை. அவற்றுள் இரண்டாவது, பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் அநீதி.

முதல் கூற்றை வீழ்த்த வெளியிலிருந்து ஆயுதம் தேட வேண்டியதில்லை, அவரே இரண்டு பக்கம் தள்ளி அதைக் கொடுத்திருக்கிறார். நியாயமே இல்லை என்று முழங்கியவர், 'ரிமெம்பர்', 'ஃபர்கெட்' ஆகிய இரண்டு சொற்களுக்கு வந்ததும் குரலை மாற்றி, 'டு' வந்தால் இனிச் செய்ய வேண்டியது, 'இங்' வந்தால் ஏற்கெனவே செய்தது என்று விளக்கம் சொல்கிறார். அப்படியானால் நியாயம் இருக்கிறதா, இல்லையா? காரணம் சொல்லத் தெரிந்த இடத்தில் காரணம் உண்டு, தெரியாத இடத்தில் மொழிக்கே காரணம் இல்லை என்பதை எந்தத் தருக்க நூல் ஏற்கும்? தம் அறியாமையின் எல்லையையே ஆங்கிலத்தின் எல்லையாக வரைந்து காட்டும் துணிவை மாணவர்கள் மன்னிக்கலாம். வாசகர்கள் மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இனி இரண்டாவது கூற்று. தாய்மொழிதான் எதிரி என்கிறாரே, அந்தத் தாய்மொழி என்ன சொல்கிறது என்று ஒரு நிமிடமாவது அவர் காது கொடுத்துக் கேட்டாரா? கதவைப் பூட்ட மறந்தான். கதவைப் பூட்டியதை மறந்தான். முதலாமவன் வீட்டில் திருடன் நுழைந்திருப்பான், இரண்டாமவன் பாதி வழியிலிருந்து வீணாகத் திரும்பி வந்திருப்பான். 'ஃபர்காட் டு லாக்' என்றும் 'ஃபர்காட் லாக்கிங்' என்றும் ஆங்கிலம் பிரிப்பது இதைத்தான். டீ குடிக்க நின்றான். டீ குடிப்பதை நிறுத்தினான். 'ஸ்டாப்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவருடைய வகுப்பு நாள் முழுக்க மல்லுக்கட்டும் வேறுபாடு, நம் தெருவில் ஐந்து வயதுக் குழந்தையின் வாயில் பிசகாமல் வருகிறது. சொல்ல வருந்துகிறேன், சொன்னதற்கு வருந்துகிறேன் என்ற இரண்டையும் குழப்பிக்கொண்ட தமிழர் ஒருவரை அவர் காட்டட்டும்.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'ட்ரைட் டு ஓப்பன்' என்றால் திறக்க முயன்றான், பெரும்பாலும் முடியவில்லை. 'ட்ரைட் ஓப்பனிங்' என்றால் திறந்தே விட்டான், திறந்ததால் பயன் உண்டா என்பதுதான் கேள்வி. இந்த இடத்தில் உலகெங்கும் ஆங்கிலம் கற்பவர்கள் தடுமாறுகிறார்கள். நமக்கு? ஜன்னலைத் திறக்கப் பார்த்தான். ஜன்னலைத் திறந்து பார்த்தான். 'பார்' என்ற அதே துணைவினை, முன்னால் நிற்கும் எச்சம் மட்டும் வேறு. மலையாளத்தில் 'துறக்கான் நோக்கி', 'துறந்நு நோக்கி' என்று அச்சு அசலாக அதே பிரிவு. இந்த நான்கு தொடர்களையும் பலகையில் எழுதிப்போட்டால் கால் மணி நேரத்தில் முடிய வேண்டிய பாடத்தை, தாய்மொழியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு மூன்று மாதம் நடத்துகிறார் நம் வாத்தியார்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். பணம் தர மறுத்தான். பணம் தந்ததை மறுத்தான். கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டான். கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டான். ஆங்கிலம் இங்கே என்ன செய்கிறது? முதல் இணைக்கு 'ரெஃப்யூஸ்', 'டினை' என்று இரண்டு சொற்களையும், அடுத்த இணைக்கு 'அக்ரீ', 'அட்மிட்' என்று இரண்டு சொற்களையும் தேடி எடுக்கிறது. தமிழோ 'மறு' என்ற ஒரே வினையையும் 'ஒப்புக்கொள்' என்ற ஒரே வினையையும் வைத்துக்கொண்டு, பொருளைப் பிரிக்கும் பாரம் முழுவதையும் எச்சத்தின் மீதும் தொழிற்பெயரின் மீதும் ஏற்றிவிடுகிறது. 'ரெஃப்யூஸ்' ஏன் 'டு' எடுக்கிறது, 'டினை' ஏன் 'இங்' எடுக்கிறது என்று வியக்கும் மாணவனுக்கு விடை அவன் நாக்கிலேயே இருக்கிறது: செய்ய மறுப்பது வேறு, செய்ததை மறுப்பது வேறு. வாத்தியாரின் பட்டியலில் இந்த இரண்டு சொற்களும் வெவ்வேறு பக்கங்களில், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாததுபோல் அகரவரிசையில் கிடக்கின்றன. எந்த மொழியின் பேச்சாளருக்கு இந்த வேறுபாடு மிக இயல்பாகத் தெரியுமோ, அந்த மொழியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எவ்வளவு பெரிய கொடுமை!

நம் இலக்கணிகள் இதைக் கவனிக்காமலா இருந்தார்கள்? வினையெச்ச வாய்பாடுகளைத் தொல்காப்பியர் தொகுத்தார். நன்னூலார் அவற்றைப் பன்னிரண்டாக்கி, இறந்தகாலத்துக்கு உரியவை, நிகழ்காலத்துக்கு உரியது, எதிர்காலத்துக்கு உரியவை என்று காலத்தால் பகுத்தார். வான், பான், பாக்கு என்னும் ஈறுகள் எதிர்காலப் பிரிவில் நிற்கின்றன. மலையாளத்தின் 'ஆன்' ஈற்றை இந்த வான், பானோடு உறவுபடுத்திக் காட்டுவார்கள் மொழிநூலார். ஏ.ஆர். ராஜராஜவர்மா 1917-இல் திருத்தி வெளியிட்ட கேரளபாணினீயம் என்ற மலையாள இலக்கணத்தைத் திறந்தால், முற்றுவினைக்கு முன்னால் நடந்து முடியும் செயலுக்கு முன்வினையெச்சம் என்றும், அதற்குப் பின்னால் நடக்க இருப்பதற்குப் பின்வினையெச்சம் என்றும் பெயர் இட்டிருப்பதைக் காணலாம். 'டு' என்பது இன்னும் மெய்யாகாத செயலை நோக்குகிறது, 'இங்' என்பது செயலை மெய்ப்பொருளாக முன்னால் வைக்கிறது என்று அமெரிக்க மொழியியலாளர் டுவைட் போலிஞ்சர் ஆங்கிலத்துக்கு எழுதியது 1968-இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கேரளத்துப் பள்ளி மாணவன் தன் மொழி இலக்கணத்தில் அதற்கு நெருங்கிய உறவான ஒரு பாகுபாட்டைப் படித்திருக்கிறான். அதே கேரளத்தில் உட்கார்ந்துகொண்டு, தாய்மொழியில் இதற்கு வழியே இல்லை என்று எழுத ஒருவருக்கு எப்படிக் கை வருகிறது?

தாய்மொழி எங்கேயும் இடறச் செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. போகச் சொன்னான் என்ற பழக்கத்தில் 'சஜெஸ்ட்' என்ற சொல்லுக்குப் பின்னாலும் 'டு' போட்டுவிடுகிறோம். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் உள்ள 'டு' வேற்றுமை உருபு போன்றது, அதன் பின்னால் பெயர்தான் வர வேண்டும் என்பதைக் கவனிக்காமல் 'டு மீட்' என்று எழுதி அனுப்பாத அலுவலகம் இல்லை. ஆனால் வாத்தியார் முழுப்பழியையும் தாய்மொழி மீது போடுகிறாரே, அவர் பட்டியலில் இருக்கும் 'அவாய்டு', 'என்ஜாய்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்வதைத் தவிர்த்தான், பாடுவதை ரசித்தான் என்று தமிழ் தொழிற்பெயரைத்தான் கேட்கிறது. செய்யத் தவிர்த்தான், பாட ரசித்தான் என்று எந்தத் தமிழனும் சொன்னதில்லை. தமிழை நினைத்து ஆங்கிலம் எழுதியவன் இந்த இடத்தில் சரியாக எழுதியிருப்பான். 'அவாய்டு டு கோ' என்று எழுதியவன் தமிழை மறக்கப் பழக்கப்பட்டவனாக இருக்க வேண்டும்.

அவர் வைத்திருக்கும் அந்த அரை விளக்கமும், அதாவது 'இங்' என்றால் இறந்தது, 'டு' என்றால் எதிர்வது என்பதும், பாதி தூரம்தான் போகும். 'போஸ்ட்போன்', 'கன்சிடர்', 'சஜெஸ்ட்' ஆகியவை எல்லாம் இனி நடக்க வேண்டியவற்றைப் பற்றிய சொற்கள். ஆனாலும் 'இங்' எடுக்கின்றன. 'மேனேஜ்ட் டு' என்றால் செய்து முடித்தாயிற்று, ஆனாலும் 'டு'. ஏன்? காலத்தை மட்டும் பார்த்தால் புரியாது. தள்ளிப்போடுபவனும் யோசிப்பவனும் செயலை ஒரு பொருளாக எதிரே வைத்து எடைபோடுகிறார்கள். அதற்குத் தொழிற்பெயர் போன்ற 'இங்'. எப்படியோ சமாளித்துச் செய்தவன் அந்தச் செயலை நோக்கி நகர்ந்து போய்ச் சேர்கிறான், அதற்கு 'டு'. இத்தனைக்குப் பிறகும் அடங்காத சில சொற்கள் மிஞ்சும், அவற்றை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். மிச்சத்தைக் காட்டி முழுவதையும் மனப்பாடம் செய்யச் சொல்வது, கணக்கில் கடைசிப் படி புரியவில்லை என்பதற்காக வாய்பாட்டையே மறக்கச் சொல்வதற்கு ஒப்பு.

மூன்றாவது கூற்றில் ஆங்கிலப் பேராசான்களைத் துணைக்கு அழைக்கிறார். பாவம், அவர்களைப் படித்திருந்தால் அழைத்திருக்க மாட்டார். 'இங்' வடிவத்துக்கு முன்னால் உடைமைப் பெயர்தான் வர வேண்டும் என்று ஆங்கிலேய இலக்கணி ஃபௌலர் 1925-இல் ஆணையிட்டபோது, அடுத்த ஆண்டே டேனிஷ் இலக்கணி ஓட்டோ யெஸ்பர்சன், நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஆணையை மீறியே எழுதிவந்திருக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டுகளைக் குவித்து மறுத்தார். ஆங்கிலேயருக்கு ஆங்கிலம் எப்படி இயங்குகிறது என்று சொன்னவர் ஒரு வெளிநாட்டவர் என்பதை நம் வாத்தியார் குறித்துக்கொள்ள வேண்டும். 2002-இல் வெளிவந்த கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் 'இங்' வடிவத்துக்குள் 'ஜெரண்ட்' வேறு, 'பார்ட்டிசிப்பிள்' வேறு என்ற பாகுபாட்டையே கலைத்து இரண்டையும் ஒரே வடிவமாக்கினார்கள். முடிந்த முடிபு எங்கே இருக்கிறது? விதிகளும் அசையாமல் நிற்கவில்லை. 'அவாய்டு டு' என்ற தொடர் ஒரு காலத்தில் ஆங்கிலேயரே எழுதியது. 'அக்கஸ்டம்ட் டு டூ' என்பது 18-ஆம் நூற்றாண்டில் மதிப்பான நடை, இன்றைக்கு 'டு டூயிங்'. சில நூற்றாண்டுகளாக 'இங்' வடிவம் 'டு' வடிவத்தின் இடங்களைக் கைப்பற்றிக்கொண்டே வந்திருக்கிறது. இன்று மாணவனின் தாளில் சிவப்பு மையால் சுழிக்கப்படும் தொடர், அன்று லண்டனில் அச்சேறிய தொடர். இந்த வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தால் மாணவனுக்குத் தன் பிழை மீது வெட்கம் குறையும், மொழி மீது ஆர்வம் கூடும். இரண்டுமே அவருடைய வியாபாரத்துக்கு உதவாதவை.

கொச்சியைப் பற்றி எழுதும் ஒருவர் கொச்சியையாவது அறிந்திருக்க வேண்டாமா? 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சான மறு ஆண்டு, 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற தமிழ் நூல் இதே கொச்சியில் அச்சானது. இரண்டையும் தமிழாக்கியவர் அண்டிரிக்கி அடிகளார் என்று நாம் அழைக்கும் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். அவர் அதற்கு முன்பே தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். கையெழுத்துப் படியாக லிஸ்பனில் கிடந்த அதை ஜீன் ஹைனும் வி.எஸ். ராஜமும் மொழிபெயர்த்து ஆராய்ந்து 2013-இல் ஹார்வர்ட் வெளியீடாகக் கொண்டுவந்தார்கள். தமிழைக் கற்க வந்த அந்தப் பாதிரியார் என்ன செய்தார்? தமக்குத் தெரிந்த லத்தீன், போர்ச்சுக்கீசிய இலக்கணச் சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதன் வழியே தமிழ் வினையைப் பிடிக்க முயன்றார். சில இடங்களில் சட்டகம் பொருந்தாமல் இடித்தது. ஆனாலும் தெரிந்த மொழியிலிருந்து தெரியாத மொழிக்குப் போகும் பாதையை அவர் மூடிவிடவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் ஒரு பாதிரியாருக்கு இருந்த அந்த உரிமை, இன்று மட்டாஞ்சேரிப் பிள்ளைக்கு ஏன் மறுக்கப்படுகிறது?

நான்காவது கூற்று, தெரு ஆங்கிலம் பற்றியது. கொங்கணி, குஜராத்தி, கச்சி, தக்கினி, தமிழ், மலையாளம் என்று அடுத்தடுத்த சந்துகளில் மொழி மாறும் ஊர் மட்டாஞ்சேரி. ராணுவச் சீருடை வெளுக்க அழைத்துவரப்பட்ட தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் பக்கத்து வேளியின் தோபிக்கானாவில் இன்றும் துணி வெளுக்கிறார்கள். வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று இங்கே ஒரு பிள்ளை நாளொன்றுக்கு மூன்று மொழிகளில் புழங்குவது சாதாரணம். ஒரே ஒரு மொழி மட்டும் தெரிந்த ஆங்கிலேயனை இந்தப் பிள்ளைக்கு முன்மாதிரியாக நிறுத்தி, நீ அவன் போல் இல்லையே என்று கடிந்துகொள்கிறார் வாத்தியார். அவர் நோய் என்று சுட்டும் 'இன்ட்டரஸ்டட் டு' என்ற தொடரையே பாருங்கள். 'இன்ட்டரஸ்டட் டு ஹியர்', 'இன்ட்டரஸ்டட் டு நோ' எல்லாம் ஆங்கில அகராதிகளே ஏற்கும் திருத்தமான வழக்குகள். 'ஜாய்ன்' போன்ற சொல் வரும்போதுதான் 'இன் ஜாய்னிங்' வேண்டும். நோயாளியைப் பரிசோதிக்காமல் ஊருக்கே மருந்து எழுதும் இவரைத் திருத்துவது யார்?

இந்தத் தெருக்காரருக்கு 'டு'வும் 'இங்'கும் தெரியாது என்று யார் சொன்னது? மிளகுக்கு முன்பேர வணிகம் நடத்த 1957-இல் சங்கம் அமைத்த ஊர் இது. தருவதாக ஒப்புக்கொண்ட சரக்குக்கும் தந்ததாக ஒப்புக்கொண்ட சரக்குக்கும் இடையிலான தூரத்தில்தான் இங்கே லாபமும் நட்டமும் தீர்மானமாயின. அந்த வேறுபாட்டை மலையாளத்திலும் குஜராத்தியிலும் பிசகாமல் பேசிய வணிகரின் பேத்திக்கு, ஆங்கிலத்தில் அது புரியவே புரியாது, பட்டியல்தான் வேண்டும் என்று தீர்ப்பு எழுதுவது எந்த ஆராய்ச்சியின் முடிவு? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத நாடுகளின் ஆங்கிலத்துக்கு மதிப்புக் கொடுப்பதையே ஒரு மதத்துரோகமாகச் சித்திரித்து அமெரிக்க மொழியியலாளர் கிளிஃபர்ட் பிரேட்டர் 1968-இல் எழுதினார். காஷ்மீரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1976-இல் அந்த மனப்பான்மையின் ஏழு பாவங்களை எண்ணிக் காட்டிப் பதில் கொடுத்தார். அந்தப் பதில் அச்சாகி அரை நூற்றாண்டு ஆகும் வேளையில், பிரேட்டரின் பழைய அங்கியை அணிந்துகொண்டு ஒருவர் மட்டாஞ்சேரியில் உலாவுவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

அந்தக் காரணம் அவர் கட்டுரையின் கடைசிப் பத்தியில் இருக்கிறது. செவிலியர் வேலைக்கு வெளிநாடு போகக் காத்திருக்கும் கேரளத்துப் பெண்கள் ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வில் வெல்ல வேண்டுமானால் பட்டியலை முறையாகப் பயிற்சிக்கூடத்தில் மனனம் செய்தாக வேண்டும் என்று முடிக்கிறார். மொழியில் நியாயம் உண்டு என்றால் அதைப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிடும். நியாயம் இல்லை என்றால் பட்டியல் வைத்திருப்பவரிடம்தான் வர வேண்டும். தாய்மொழி உதவும் என்றால் பாட்டியிடம் கேட்டுக்கூடச் சோதித்துக்கொள்ளலாம்; தாய்மொழி எதிரி என்றால் அதற்கும் பரிகாரம் அவரிடமே. இலக்கணக் கொள்கையாக வேடமிட்டு வந்தது கட்டண ரசீதுதான் என்பது இப்போது விளங்குகிறதா? இந்தத் தேர்விலோ இலக்கணத்துக்கென்று தனித்தாளே கிடையாது. எழுத்துக்கும் பேச்சுக்கும் மதிப்பிடும் நான்கு அளவைகளில் இலக்கண வளமும் திருத்தமும் ஒன்று, அவ்வளவுதான். இரவுப் பணி முடித்து, நகையை அடகு வைத்துப் பணம் கட்டி, தூக்கக் கலக்கத்தில் அகரவரிசைப் பட்டியலை ஒப்பிக்கும் அந்தப் பெண்களை நினைக்கும்போது எனக்கு வரும் கோபத்தை மறைக்க நான் விரும்பவில்லை. நோயாளிக்கு மருந்து கொடுக்க மறந்ததையும், மருந்து கொடுத்ததை மறந்ததையும் தன் மொழியில் பிசகாமல் வேறுபடுத்தத் தெரிந்தவள் அவள். அவளைப் பார்த்து உனக்குத் தெரியாது என்று சொல்பவர் எதை ஆசிரியத் தொழில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்?

கொச்சியிலும் வெளியிலும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான். நாளைய வகுப்பில் பட்டியலை மூடி வையுங்கள். பூட்ட மறந்தான், பூட்டியதை மறந்தான், தர மறுத்தான், தந்ததை மறுத்தான், திறக்கப் பார்த்தான், திறந்து பார்த்தான் என்று பிள்ளைகளைத் தமிழில் சொல்லவிட்டு, மலையாளத்தில் சொல்லவிட்டு, அதன் பிறகு ஆங்கிலத்துக்கு வாருங்கள். அதற்கும் அடங்காமல் மிஞ்சும் சொற்களுக்கு மட்டும் பட்டியல் போதும். பணம் கட்டப் போகும் பெற்றோர்களே, தாய்மொழி பேசினால் அபராதம் என்று பலகை மாட்டியிருக்கும் கூடத்தின் படியேறாமல் திரும்பி வாருங்கள்.